சென்னை பெரியமேட்டுல பாஸ்கெட்பால் வாங்கப் போனோம், யானிஸோட 50 பாயிண்ட் மேட்ச்ச பாத்துட்டு வந்தோம்

என் பொண்ணுக்கு வயசு 13, ஸ்கூல் டீம்ல பாஸ்கெட்பால் ஆடுறா. போன மாசம் ஃபைனல்ல கடைசி நிமிஷம் ரெண்டு ஃப்ரீ த்ரோ (எதிர் டீம் ஃபவுல் பண்ணா, யாரும் தடுக்காம லைன்ல நின்னு போடுற ஷாட்) கிடைச்சுது, ரெண்டுமே ரிங்ல பட்டு வெளிய போயிருச்சு, ஒரே பாயிண்ட்ல தோத்தாங்க. அன்னிக்கு நைட்டு அவ சாப்பிடவே இல்ல. மறுநாள் காலைல, தினம் ஃப்ரீ த்ரோ பழகணும்ப்பா, நல்ல பால் வாங்கிக்குடுன்னு கேட்டா. ஆன்லைன்ல வாங்கின பால் ஒண்ணு வீட்ல கிடக்கு, ரெண்டே மாசத்துல மேல தேஞ்சு வழவழன்னு ஆயிருச்சு, கையில நிக்க மாட்டேங்குது. சரி இந்த தடவ நேர்லயே பாத்து வாங்கிடலாம்னு பெரியமேடு போனோம், நேரு ஸ்டேடியம் பக்கம் வரிசையா ஸ்போர்ட்ஸ் கடையா இருக்கும்ல, அதுல ஒரு சின்ன கடை.

நான் போனதும் இருக்குறதுலயே விலை ஜாஸ்தியான பாலத்தான் கை காட்டினேன். கடை பாய் அத எடுக்கவே இல்ல. "எந்த கோர்ட்ல ஆடுற பாப்பா, சிமெண்ட்டா மரத்தரையா?"ன்னு அவகிட்ட கேட்டாரு. சிமெண்ட்டுன்னா. "அப்ப அது வேணாம் சார், இண்டோர் பால், சிமெண்ட்ல தேஞ்சு போயிரும், ரப்பர் எடுங்க"ன்னு அதுல பாதி விலைக்கும் கம்மியான ஒண்ண எடுத்து வச்சாரு. அடுத்து சைஸ். வீட்ல இருக்குறது சைஸ் 7, அது ஆம்பளைங்க ஆடுறது, பொண்ணுங்களுக்கு சைஸ் 6தான், சுத்தளவு ஒரு இஞ்ச் கம்மி, வெயிட்டும் கம்மி. ரெண்டு வருஷமா புள்ள பெரிய பால வச்சுக்கிட்டு மல்லுக்கட்டியிருக்கா, எனக்குத் தெரியவே இல்ல, அத நெனச்சா இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு.

பம்ப் அடிக்குறதுக்கு முன்னாடி ஊசிய தண்ணில நனைச்சு மெதுவா வால்வுல விட்டாரு, காய்ஞ்ச ஊசிய குத்தினா வால்வு கிழிஞ்சுரும்னாரு. காத்து ஏத்திட்டு தலை உயரத்துல இருந்து பால விட்டாரு, இடுப்புக்கு மேல வந்துச்சு, கொஞ்சம் காத்த இறக்கிட்டு திரும்ப விட்டாரு, இடுப்புகிட்ட நின்னுச்சு, இது போதும்னு அவ கையில குடுத்தாரு.

கடை சுவத்துல ஒரு டிவி, அதுல 2021 என்பிஏ (அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்) ஃபைனல்ஸோட ஆறாவது மேட்ச் ஓடிட்டு இருந்துச்சு, மில்வாக்கி பக்ஸும் ஃபீனிக்ஸ் சன்ஸும். பாய் பேரனும் ஆடுறானாம், அவன் போட்டு விட்டது. ஃப்ரீ த்ரோ லைன்ல பக்ஸ் ஸ்டார் ப்ளேயர் யானிஸ் நிக்குறாரு. பொண்ணு பால கட்டிப் புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டா. நான் அவளுக்கு சொன்னேன், இவருக்கு ஃப்ரீ த்ரோதான் பெரிய வீக்னஸ், அந்த சீசன்ல நூத்துக்கு 68 தான் போட்டாரு, சீசன் முடிஞ்சு கப்புக்காக நடக்குற ப்ளேஆஃப்ல அதுவும் இல்ல, லைன்ல ரொம்ப நேரம் எடுத்துக்குவாரு, ரூல்படி 10 செகண்டுதான்ங்கிறதால எதிர் டீம் ஊர்ல ஆடுனா ஜனம் மொத்தமும் ஒண்ணு ரெண்டு மூணுன்னு சத்தமா எண்ணும். இந்த மேட்ச்சுக்கு மூணு வாரம் முன்னாடிதான் முட்டி பின்பக்கமா மடங்கி கீழ விழுந்தாரு, ரெண்டு மேட்ச் ஆடவே இல்ல. அப்படிப்பட்ட ஆளு இந்த மேட்ச்ல 19 ஃப்ரீ த்ரோவுல 17 போட்டாரு. ஹாஃப் டைம்ல பக்ஸ் 42-47 பின்னாடி, அதுக்கப்புறம் இவர் மட்டும் 33 பாயிண்ட். மொத்தம் 50, 14 ரீபவுண்ட் (உள்ள போகாம திரும்புன பால புடிக்குறது), 5 பிளாக் (எதிராளி ஷாட்ட தடுக்குறது). 105-98, பக்ஸுக்கு 1971க்கு அப்புறம் 50 வருஷம் கழிச்சு கப்பு. அந்த மேட்ச் லைவா நடந்தப்ப நம்ம ஊர்ல காலைல, நான் ஆபீஸ் லாகின் பண்ணாம உக்காந்து பாத்தேன். ஃபைனல்ஸ்ல நான் பாத்த தனி ஆள் ஆட்டத்துல இதான் பெஸ்ட்டு, பால ரிங்குக்குள்ள கையாலயே அமுக்கிப் போடுற டங்க்க விட அந்த 17 ஃப்ரீ த்ரோதான் எனக்குப் பெருசு, ஏன்னா டங்க் அவருக்கு வரும், இது வராது.

பாய் எங்கள அவசரப்படுத்தவே இல்ல. வேற கஸ்டமருக்கு ஷட்டில் எடுத்துக் குடுத்துட்டே இருந்தாரு, நாங்க நாலாவது குவார்ட்டர் முடியுற வரைக்கும் ஸ்டூல்ல உக்காந்து பாத்தோம். பில் போடும்போது ஊசி ரெண்டு சும்மா குடுத்தாரு.

குறைன்னா பார்க்கிங்தான், வண்டிய ரொம்ப தள்ளி விட்டுட்டு நடக்கணும், சனி சாயங்காலம் கடைக்குள்ள நிக்கவே இடம் இருக்காது. வார நாள்ல காலைல போங்க. விளையாடுற புள்ளையையும் கூட்டிட்டுப் போங்க, பாய் அவங்ககிட்டதான் பேசுவாரு.

பால் வாங்கி மூணு வாரம் ஆச்சு, க்ரிப் அப்படியே இருக்கு. தினம் சாயங்காலம் 50 போடுறா, நான் ரிங்குக்கு கீழ நின்னு பால எடுத்துக் குடுக்குறேன். ஒவ்வொரு தடவையும் அவ லைன்ல நின்னதும், அப்பா எண்ணுங்கங்கிறா. நானும் ஒண்ணு ரெண்டு மூணுன்னு சத்தமா எண்ணுறேன்.