சீட்டுக்கு அடியில் பஞ்சர் பெட்டி: பிள்ளைகளின் சைக்கிளுக்கு வாங்கலாமா?

சைக்கிள் பழகிய பிள்ளை முதலில் தெருமுனையோடு திரும்பிவிடும். கொஞ்ச நாளில் பெயர் தெரியாத சந்துகளுக்குள் நுழையும், அங்கே பின்சக்கரத்தில் காற்று இறங்கும். பயத்தில் அப்படியே மிதித்துக்கொண்டு வீடு வந்தால் மவுத் (காற்றடிக்கும் வால்வு) அடியில் டியூப் கிழிந்துவிடும். அந்தக் கிழிசலை ஒட்ட முடியாது, டியூபையே மாற்ற வேண்டியதுதான். அதனால் தனியாகச் சுற்றும் பிள்ளையின் சைக்கிளில் கைப்பெட்டி பஞ்சர் செட் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். ஆனால் பெட்டியில் வருவதை அப்படியே நம்பக் கூடாது.

ஒட்டுகளும் உப்புத்தாளும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கோளாறு சொல்யூஷனில், அதாவது ஒட்டும் பசையில். ஒருமுறை திறந்த குழாய், மூடி இறுக்கமாக இருந்தாலும், சில மாதங்களில் உள்ளேயே காய்ந்துவிடும். பிள்ளை வழியில் நிற்கும்போதுதான் அது தெரியவரும். திறக்காத சிறு குழாய் ஒன்றைக் கூடுதலாக வையுங்கள். டயரை நெம்பிக் கழற்றும் லீவர் இரும்பில் வந்திருந்தால் எடுத்துவிட்டு பிளாஸ்டிக் லீவர் இரண்டு போடுங்கள். சின்னக் கைகள் இரும்பை ஆழமாக நுழைத்து நெம்பும்போது டியூபும் சேர்ந்து சிக்கி, இன்னொரு ஓட்டை விழும். பம்பு இந்தப் பெட்டிகளில் பொதுவாக வராது. தனியாக வாங்கும்போதே அதன் முனை உங்கள் மவுத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

டயரைக் கழற்றுமுன் மவுத் நுனியில் எச்சில் தொட்டு வைக்கச் சொல்லிக்கொடுங்கள். குமிழி வந்தால், வால்டியூப் (மவுத்துக்குள் காற்றைத் தடுக்கும் சிறு ரப்பர் குழாய்) போடும் மவுத்தில் பெரும்பாலும் அந்த ரப்பர்தான் வெடித்திருக்கும். புதுத் துண்டை ஈரப்படுத்தி, பக்கவாட்டுத் துளை முழுதும் மூடும்படி ஏற்றினால் வேலை முடிந்தது. பல பெட்டிகளில் வால்டியூப் துண்டே இருக்காது, இது பெரிய குறை.

பஞ்சர்தான் என்றால் சக்கரத்தைக் கழற்றத் தேவையில்லை, ஸ்பானரும் வேண்டாம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டயரின் ஒரு ஓரத்தை மட்டும் தூக்கி, ஓட்டை இருக்கும் இடத்து டியூபை வெளியே இழுத்தால் போதும். ஒட்டைவிடச் சற்று அகலமாக உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். டியூபில் கோடுபோல் ஓடும் மேடு சமமாகாவிட்டால் அதன் வழியே காற்று கசியும். சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, பளபளப்பு அடங்கும்வரை, சுமார் 5 நிமிடம், காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் அவசரப்படுவது இங்கேதான். ஈரம் காயாமல் வைத்த ஒட்டு காற்றடித்ததும் வழுக்கி நகரும். வைத்தபின் நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்த வேண்டும்.

மூடுமுன் டயரின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். குத்திய முள் அங்கேயே இருந்தால் ஒட்டு கொஞ்ச தூரம்கூடத் தாங்காது. அருகருகே இரண்டு ஓட்டை இருந்தால் முள் தேட வேண்டாம்: காற்றுக் குறைவாக இருந்து, கல்லிலோ நடைபாதை விளிம்பிலோ ஏற்றியபோது ரிம் கடித்திருக்கிறது. ஓட்டை ரிம் பக்கமாக இருந்தால் உள்ளே ரிம் பட்டை (ரிம்மின் மேல் கம்பி முனைகளை மூடும் பட்டை) விலகி, சக்கரக் கம்பியின் முனை குத்துகிறது. பட்டையைச் சரிசெய்யாமல் எத்தனை ஒட்டு போட்டாலும் வீண்.

மவுத் அடிக் கிழிசலுக்கு இந்தப் பெட்டியில் மருந்தில்லை. அப்போது மிதிக்காமல், பின்பக்கத்தைக் கையால் தூக்கிப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வர வேண்டும்.