சிஃபான் தைக்க ஒற்றைத் துளைத் தகடு: ஆறு வருடம் கழித்து

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் வீட்டில் வைத்துத்தான் தைக்கிறேன். ரவிக்கை, பஞ்சாபி சூட், மலாய்ப் பெண்களின் பாஜு கூரோங் எது வந்தாலும் வாங்கிக்கொள்வேன், சிஃபான் மட்டும் ஒரு காலத்தில் வேண்டவே வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவேன். மின்சார மெஷினில் முதல் தையலிலேயே துணியின் முனை ஊசியோடு கீழே போய்ச் சுருண்டுகொள்ளும், இழுத்தால் கிழியும். தீபாவளிக்கு முந்தின வாரம் ஒருவருடைய துணி அப்படிப் போய், என் பணத்தில் புதிதாக வாங்கிக் கொடுத்தேன்.

அம்மாதான், "எஸ்டேட் லயத்துல இருந்தப்ப மிதி மெஷின்லயே நைலக்ஸ் தைச்சேனே, ஒரு நாளும் உள்ளே இழுத்ததில்லையே" என்றார். அந்தப் பழைய மெஷினைத் துடைத்துப் பார்த்தேன். ஊசி இறங்கும் தகட்டில் சின்ன வட்டத் துளைதான் இருந்தது. என் மெஷினிலோ, ஸிக்ஸாக் என்ற வளைந்து வளைந்து போகும் தையலுக்காக அகலமான பிளவு. மெல்லிய துணிக்கு அடியில் தாங்கல் இல்லாததால் ஊசி அதையும் சேர்த்து உள்ளே தள்ளுகிறது, அவ்வளவுதான் விஷயம்.

என் மெஷின் மாடலுக்கான ஒற்றைத் துளைத் தகட்டை ஈப்போவில் வாங்கினேன். அன்றிலிருந்து சிஃபான், ஜார்ஜெட், ஆர்கன்சா எல்லாம் தைக்கிறேன். கூடவே 60 அல்லது 65ஆம் நம்பர் கூர் ஊசி வேண்டும், 90 போட்டால் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். தையல் நீளம் 2 மில்லிமீட்டர். தொடங்கும்போது இரண்டு நூல் முனைகளையும் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள், அங்கே ரிவர்ஸ் போடாதீர்கள். தகட்டை மாட்டிக்கொண்டு மறந்துபோய் ஸிக்ஸாக்கைத் திருப்பினால் ஊசி முறிந்து முகத்துக்குத் தெறிக்கும், அதனால் மெஷின் மேல் ஒரு சீட்டே ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஆனால் வெட்டும்போது துணி நழுவுவதற்குத் தகடு என்ன செய்யும்? பாலியஸ்டர் சிஃபானாக இருந்தால் நீர்க்கக் கஞ்சி போட்டு, காயவைத்து, மடிக்காமல் ஒற்றை அடுக்காகவே வெட்டுகிறேன். பட்டு சிஃபானில் தண்ணீர்க் கறை விழும், முதலில் துண்டுத் துணியில் பாருங்கள். கஞ்சி போட்டதைத் தைத்து முடித்ததும் அலசிவிட வேண்டும், நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்துவிடும். குண்டூசியையும் இரவெல்லாம் குத்தி வைக்காதீர்கள், துருக்கறை லேசில் போகாது.

பக்கத் தையலுக்குப் பிரெஞ்சு தையல்தான். துணியின் உட்பக்கங்களைச் சேர்த்து 6 மில்லிமீட்டரில் தைத்து, 3க்கு நறுக்கி, திருப்பி மறுபடி 6இல் தைத்தால் பிசிறு உள்ளேயே அடங்கிவிடும். குறுக்கு வெட்டுப் பாவாடையை ஓர் இரவு தொங்கவிட்டு, இறங்குவது இறங்கிய பிறகுதான் ஓரம் மடிப்பேன்.

தகடு இன்னும் தேயவில்லை. போன வருடம் ஊசி பட்டுத் துளையோரம் ஒரு கீறல் விழுந்து ஜார்ஜெட் நூலை இழுக்க ஆரம்பித்தது, சன்ன உப்புத்தாளால் தேய்த்தேன், சரியாகிவிட்டது.