8×42 பைனாகுலர்: சில மழைக்காலங்களுக்குப் பிறகு

பறவை பார்க்க ஒரே ஒரு பைனாகுலர் என்றால் 8×42 வாங்குங்கள். 8 என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன்லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அவ்வளவு மி.மீ. வேடந்தாங்கலில் சூரியன் எழுமுன் ஏரிக்கரையில் நின்றால் இதன் அருமை தெரியும். பைக்குள் அடங்கும் 10×25-இல் வெறும் நிழலாக நிற்கும் நத்தைகுத்தி நாரை, இதில் அலகின் நடுவே இருக்கும் இடைவெளியோடு தெரியும்.

12 மடங்குக்கு ஆசைப்பட்டால் கைநடுக்கமும் சேர்ந்து பெருகும், பார்வைப் பரப்பு சுருங்கும், தேடிப் பிடிப்பதற்குள் பஞ்சுருட்டான் பறந்துவிடும். கோடியக்கரை உப்பளங்களில் வெயில் ஏறிய பிறகு மடங்கைக் கூட்டினால் கானல்தான் பெரிதாகும். ஜூம் வகை வேண்டவே வேண்டாம்.

நம் ஊர் ஈரத்தில் பெரிய எதிரி பூஞ்சை. ஃபோகஸ் சக்கரத்தைத் திருப்பும்போது கண்பக்கக் குழல்கள் நீண்டு சுருங்கும் பழைய போரோ வகை (குழல்கள் நேராக இல்லாமல் மடிந்திருக்கும்), ஒவ்வொரு திருப்பிலும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். முன்லென்ஸ் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள்: பிரிசத்தின் (உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டி) ஓரத்தில் சிலந்தி இழைபோல வெள்ளையாகக் கிளைத்திருந்தால் அதுதான் பூஞ்சை. முற்றினால் லென்ஸ் பூச்சையே அரித்துவிடும், துடைத்தாலும் தடம் போகாது. ஆகவே நைட்ரஜன் நிரப்பி அடைத்த, நேர்குழல் கொண்ட ரூஃப் பிரிசம் வகைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீண்போகாது. அப்படியும் மாதக்கணக்கில் துணியுறைக்குள் போட்டு வைக்காதீர்கள்; காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், மணிகள் நிறம் மாறியதும் மாற்றுங்கள்.

கண்ணாடி அணிபவர்கள் கண்ணுக்கும் லென்ஸுக்குமான இடைவெளி 16 மி.மீ.க்குக் குறையாத மாடலைக் கேளுங்கள். குறைந்தால் காட்சியின் ஓரம் கறுத்துவிடும்.

அரை மணி நேரத்தில் தலை வலிக்கிறதா? முதலில் டயாப்டரை, அதாவது இரு கண்களின் பார்வை வேறுபாட்டை ஈடுசெய்யும் வளையத்தை, சரிசெய்யுங்கள்: வலது கண்ணை மூடி, இடது கண்ணால் நடுச்சக்கரத்தில் ஃபோகஸ், பிறகு இடதை மூடி, வலது கண்பக்க வளையத்தை மட்டும் திருப்புங்கள். அப்படியும் வலித்தால், தூரத்து மின்கம்பியைப் பாருங்கள். கம்பி இரண்டாகத் தெரிந்தால் எங்கோ விழுந்து பிரிசம் நகர்ந்திருக்கிறது. அது பணிமனை வேலை, வீட்டில் திருகாணியைத் தொடாதீர்கள்.

கடற்கரையில் பார்த்து வந்தபின் வேட்டி நுனியாலோ துப்பட்டாவாலோ துடைக்கவே கூடாது. ஒட்டியிருக்கும் மணல் கோடு போட்டுவிடும். முதலில் ஊதுபந்து, அடுத்து மென்தூரிகை, கடைசியில்தான் மைக்ரோஃபைபர் துணி.