காமெடி பாட்காஸ்ட்டா, பெரியார் கட்டுரையா?

மலேசியாவுல பட்டர்வொர்த்ல இருந்து பினாங்குத் தீவுல இருக்கிற பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்கு டெய்லி பாலம் தாண்டி பஸ்ல போறவ நான், 13.5 கிலோமீட்டர் பாலத்துல ஜாம் ஆச்சுன்னா காதுல எதாச்சும் ஓடணும்லா. இப்போ ஓடுறது 2015ல லண்டன்ல ஆரம்பிச்ச தி கில்ட்டி ஃபெமினிஸ்ட்ங்கிற காமெடி பாட்காஸ்ட். ஆடியன்ஸ் முன்னாடி "நான் பெண்ணியவாதிதான், ஆனா..."ன்னு ஒரு குத்தத்த ஒத்துக்கிட்டுதான் தொடங்குவாங்க, நானும் மனசுக்குள்ள சேர்ந்து சொல்லிக்குவேன், ஆனா தம்பி சாப்பிட்ட தட்ட நேத்தும் நான்தான் கழுவுனேன். சிரிச்சு முடிச்ச பிறகுதான் சுருக்குன்னு குத்தும்.

பெரியார் வேற ரகம். 1929 கடைசில பினாங்குல வந்து இறங்கின மனுஷன், கற்பு ஏன் பொம்பளைக்கு மட்டும், சொத்துல அவளுக்கு பங்கு எங்கன்னு நேரா கேட்டுருவாரு, சமாளிக்க இடமே குடுக்க மாட்டாரு. பஸ்ல படிச்சா எனக்கு தலை சுத்தும், அது வேற கத.

பாட்காஸ்ட்ல ஒரு குறை, நம்ம வீட்டு தாலி, நாத்தனார் பிரச்சன எல்லாம் அங்க எதிர்பார்க்க முடியாது. அம்மாகிட்ட பேசணும்னா பெரியார்தான் கைகுடுப்பாரு. ஒரு தடவ அந்த பாட்காஸ்ட் ஜோக் ஒன்ன அம்மாகிட்ட தமிழ்ல சொல்லிப் பார்த்தேன், மீன் கழுவிக்கிட்டே "இதுல என்னடி சிரிப்பு"ன்னாங்க.