ஏசி சர்வீஸ் பில்லில் கேஸ் எத்தனை கிராம்? பல கோடைகள் கண்ட அனுபவம்

ஸ்பிளிட் ஏசிக்கு வருஷா வருஷம் வாங்கிய சர்வீஸ் பில்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். விசிட்டிங் சார்ஜிலும் வாட்டர் சர்வீஸிலும் பெரிய வில்லங்கம் இல்லை. பணம் கரைவது ‘கேஸ் சார்ஜிங்’ என்ற ஒற்றை வரியில்தான்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. “கேஸ் கம்மி சார், டாப்-அப் பண்ணிடலாம்” என்றதும் தலையாட்டாமல், “எங்க லீக், காட்டுங்க” என்று கேளுங்கள். குழாய்களை இணைக்கும் ஃப்ளேர் நட்டில் சோப்பு நுரை தடவினால் குமிழி வரும். நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். அடைக்காமல் நிரப்பினால் அடுத்த கோடையில் அதே வரி, அதே தொகை.

கேஸ் பிரஷரை எப்போது பார்க்கிறார்கள் என்பதைக் கட்டாயம் கவனியுங்கள். ஃபில்டரிலும் இண்டோர் காயிலிலும் அழுக்கு அடைத்திருந்தால் காற்றோட்டம் குறைந்து சக்‌ஷன் பிரஷர் (கம்ப்ரசருக்குத் திரும்பும் கேஸின் அழுத்தம்) இறங்கும், ஐஸ்கூடப் பிடிக்கும். கேஸ் குறைந்தாலும் இதே அறிகுறிகள்தான். அதனால் கழுவி முடித்து, கம்ப்ரசர் 15 நிமிஷமாவது ஓடிய பிறகு எடுக்கிற ரீடிங்தான் கணக்கு. கழுவுவதற்கு முன்பே கேஜை (பிரஷர் மீட்டரை) மாட்டிக் காட்டி எஸ்டிமேட் போடுவதை ஏற்கவே கூடாது. இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசரின் வேகம் மாறிக்கொண்டே இருக்கும்; அங்கே கேஜை மட்டும் நம்ப முடியாது, எடைதான் பேச வேண்டும்.

அவுட்டோர் யூனிட் ஸ்டிக்கரில் ஆர்32, ஆர்410ஏ, ஆர்22 என்று கேஸின் வகையும் முழு அளவும் அச்சாகியிருக்கும். அதில் 0.75 கிலோ என்றிருக்க, பில்லில் 1.5 கிலோ வந்தால் அவ்வளவு உள்ளே போயிருக்க வழியே இல்லை. சிலிண்டரை எடை மெஷினில் வைத்து, முன்னும் பின்னும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 6.420 கிலோ 6.130 ஆனால், போனது 290 கிராம். பில்லிலும் ‘ஆர்32 – 290 கிராம்’ என்றே எழுதி வாங்குங்கள். முழு சார்ஜிங் என்றால் லீக் அடைப்பு, நைட்ரஜன் டெஸ்ட் (நைட்ரஜனை அழுத்தி நிரப்பிக் கசிவு பார்ப்பது), வேக்கம் (குழாயிலிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுப்பது) மூன்றும் தனித்தனி வரியில் வர வேண்டும். வேக்கம் பம்பே கொண்டு வராதவருக்கு அந்தக் காசு கொடுக்க வேண்டியதில்லை. குழாயில் காற்றும் ஈரமும் நின்றால் பின்னால் அடிபடுவது கம்ப்ரசர்.

அடுத்தது கெபாசிட்டர், மோட்டார் ஓட உதவும் மின் பாகம். கழற்றியதை டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 50 மைக்ரோஃபாரட், ±5% என்று எழுதியிருந்தால் 47.5க்குக் கீழே போனால்தான் மாற்றும் பேச்சு. பழையதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிசிபி (சர்க்யூட் போர்டு) ரிப்பேருக்கும் இதே முறைதான்.

ஜிஎஸ்டி 18% போட்டால் பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி பதிவு எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவென்றால் 33இல் தொடங்கும். பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கவே முடியாது. “பில் வேணாம்னா கம்மி பண்றேன்” என்பதற்கு மட்டும் இணங்காதீர்கள். வாரன்டி பேச அந்தத் தாள் ஒன்றுதான் கையில் இருக்கும். பில் தராததை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறைகளில் சேர்த்திருக்கிறது. தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். எடை மெஷின் போட்டோவையும் பழைய கெபாசிட்டரையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.