நான்மடி உலைவு: தொடரா, அணியா?

சீரிசை அலையியற்றியின் (ஸ்பிரிங்கில் ஆடுவதுபோன்ற குவாண்டம் துகளின்) நிலையாற்றலோடு, இடப்பெயர்ச்சியின் நான்மடியை (நான்காம் அடுக்கை) லாம்டா என்ற சிறிய எண்ணால் பெருக்கிச் சேர்த்தால் ஆற்றல் மட்டங்கள் எவ்வளவு நகரும்? லாம்டாவின் அடுக்குகளில் படிப்படியாகத் திருத்தும் பெர்டர்பேஷன் (உலைவு) தொடர், ஊகித்த அலைச்சார்பைச் சரிசெய்து ஆற்றலை முடிந்தவரை குறைக்கும் வேரியேஷனல் முறை, ஆற்றலைச் சில நிலைகளுக்கான எண் அணியாக எழுதி மூலைவிட்டமாக்குவது என மூன்று வழி உண்டு. நான் அணியின் பக்கம்.

எச்-பார் (குறுக்கிய பிளாங்க் மாறிலி), நிறை, அதிர்வெண் மூன்றும் 1, லாம்டா 0.1 என்று வைத்துக்கொள்வோம். அடிநிலையின் (மிகக் குறைந்த மட்டத்தின்) சரியான மதிப்பு 0.55915.

தொடரின் முதல் படிக்குச் சராசரி எடுத்தாலே போதும்: 0.5 என்பது 0.575 ஆகும். அடுத்தடுத்த படிகளில் 0.5488, 0.5696, 0.5454. மூன்றாம் படியோடு நிறுத்துவதே நல்லது. நான்காவதில் திருத்தம் மறுபடி பெரிதாகிறது. லாம்டா இம்மியளவு எதிர்க்குறியானாலும் நிலையாற்றல் தொலைவில் சரிந்து, துகள் தங்க இடமில்லாமல் போகும். அதனால் இந்தத் தொடருக்கு ஒருங்கும் ஆரமே பூஜ்யம்; லாம்டா எவ்வளவு சிறிதானாலும் தொடர் ஒரு மதிப்பில் போய் நிற்காது. குணகங்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதை இயற்பியலாளர்கள் பெண்டரும் வூவும் 1969-இல் காட்டினார்கள்.

வேரியேஷனல் முறையில் காஸியன் (மணி வடிவ) அலைச்சார்பின் அகலத்தை மட்டும் சரிசெய்தாலே 0.5603 வரும். அடிநிலைக்கு அருமை, கிளர்நிலைகளுக்கு (மேல் மட்டங்களுக்கு) சோதனை அலைச்சார்பைத் தேடி அலைய வேண்டும்.

அணிக்கு வருவோம். உலைவில்லாத அலையியற்றியின் 0, 2 என்ற எண்ணுள்ள இரண்டே நிலைகள் போதும். மூலைவிட்டத்தில் 0.575, 3.475, மூலைவிட்டத்துக்கு வெளியே 0.2121. இருபடிச் சமன்பாட்டின் சிறிய மூலம் 0.5596. தொடரின் நான்கு படிகளும் இதன் கிட்டே வரவில்லை. எனக்கு இதைவிட முக்கியம், பிழை எந்தப் பக்கம் என்பது தெரிவது. அணி தரும் அடிநிலை உண்மைக்குக் கீழே போகாது. நிலைகளைக் கூட்டக் கூட்ட இறங்கும், ஏறாது. தசம இலக்கங்கள் அசையாமல் நின்றதும் நிறுத்திக்கொள்ளலாம். மேலும் கீழுமாக ஊசலாடும் தொடரில் இந்தப் பிடிமானம் கிடையாது.

பலர் தவறுவது ஓரிடத்தில்: முடிவில்லாத இடப்பெயர்ச்சி அணியைச் சில நிலைகளோடு வெட்டிவிட்டு, பிறகு நான்மடியாக்குவது. அப்போது வலது கீழ் மூலை உறுப்புகள் தப்பாகி, மேல் வரம்பு என்ற உறுதியும் போய்விடும். இரண்டு நிலைகள் கூடுதலாக வைத்துப் பெருக்கி, கடைசியில் வெட்டுங்கள்.

லாம்டா 0.01 என்றால் தொடரே போதும், 0.5073 என்று கைக்கணக்கிலேயே வரும். ஆனால் 'சிறிய உலைவு' என்பது மட்டத்தைப் பொறுத்தது. லாம்டா 0.1-க்கு, ஐந்தாம் கிளர்நிலையின் முதல்படி நகர்வே 4.575, மட்ட இடைவெளியோ 1 தான்.

இந்தத் தீர்ப்பு ஒரு பரிமாணத்துக்கு மட்டும். மூன்று பரிமாணத்தில் திசைக்கு 40 நிலை வைத்தால் அணிக்கு 64,000 வரிசை; அங்கே தொடரை எளிதில் ஒதுக்க மாட்டேன்.