செம்பாறை முதல் குடும்பிமலை வரை: ஒரு சோடிச் சப்பாத்தோடு ஆறு வருடம்

2019 ஒக்டோபரில் அக்காவின் மகனோடு அமெரிக்காவில் காரில் சுற்றப் போனபோது வாங்கிய மலைநடைச் சப்பாத்து இது. விலை 110 டொலர். மட்டக்களப்புக் கல்லடிக் கடற்கரையில் வெறுங்காலோடு வளர்ந்தவனுக்கு அந்த விலை உறைக்கத்தான் செய்தது. "மாமா, காருக்கு ரயர் பார்த்துத்தானே வாங்குவீங்க, இதுவும் அப்படித்தான்" என்றான் மருமகன். தண்ணீர் புகாத வகை வேண்டாம், வலைத்துணி வைத்ததே போதும் என்றும் அவனே சொன்னான்.

லாஸ் வேகாஸிலிருந்து மூன்று மணி நேர ஓட்டத்தில் சயன், செம்பாறை மலைகள் நிறைந்த தேசியப் பூங்கா. காய்ந்த மணற்பாறையில் இதன் பிடியைக் குறை சொல்லவே முடியாது. அந்தப் பாறைக்கு அங்கே 'வழுக்குப்பாறை' என்று அர்த்தம் வரும் பெயர். லாடம் அடித்த குதிரைகள் வழுக்கியதால் வந்ததாம். றப்பர் அடிக்கு அது சாண்ட் பேப்பர் மாதிரி. ஆர்ச்சஸ் பூங்காவில் டெலிகேட் ஆர்ச் என்ற பாறை வளைவுக்கு ஏறும் மொட்டைச் சரிவில் பல்லி போல ஒட்டிக்கொண்டு போனேன்.

சயனின் நாரோஸ் வேறு கதை. அங்கே பாதை கிடையாது. வேர்ஜின் ஆறுதான் பாதை. இரண்டு பக்கமும் சுவர் போலப் பாறை, காலடியில் உருண்டைக் கற்கள். எண்ணெய் தடவிய தேங்காய்களுக்கு மேல் நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே சப்பாத்தை விட வாடகைக்கு எடுத்த தடிதான் காப்பாற்றியது. ஆனால் வலைத்துணி என்பதால் கரையேறிக் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வடிந்துவிட்டது.

அன்டிலோப் கனியன் என்ற ஒடுங்கிய பாறைப் பிளவுக்குள் வழிகாட்டி இல்லாமல் விட மாட்டார்கள். எங்கோ தொலைவில் பெய்த மழை 1997 ஓகஸ்ட்டில் அங்கே பதினொரு பேரை அடித்துக்கொண்டு போனது. உன்னிச்சைக் குளத்தின் வான்கதவைத் திறந்தால் கீழே என்ன நடக்கும் என்று தெரிந்த நமக்கு இதைத் தனியாக விளக்கத் தேவையில்லை. மா மாதிரியான அந்த மணல் வலைத்துணிக்குள் புகுந்தது புகுந்ததுதான்.

ஊருக்கு வந்த பிறகு குடும்பிமலைக்கு மூன்று தடவை, அம்பாறை இராஜகலைக்கு ஒரு தடவை போட்டேன். கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் குறையே இல்லை. மாரி முடிந்த கையோடு போனதுதான் பிழை: பாறையில் கறுப்பாகப் பாசி படிந்திருந்தது, இருந்த இடத்திலேயே சறுக்கி விழுந்தேன். ஈரப் பாசியில் எந்த அடியும் பெரிதாகப் பிடிக்காது. வயல் சேறு பற்களுக்குள் அப்பிக்கொண்டால் அந்தப் பிடியும் போய்விடும்.

கடைசியில் இதைக் கொன்றது பாறையே இல்லை, அலுமாரி. ஒன்றரை வருடம் பெட்டிக்குள் கிடந்ததை எடுத்துப் போட்டு நாலு அடி வைத்தேன். நடு அடி, அதாவது மேல் பகுதிக்கும் றப்பர் அடிக்கும் இடையிலுள்ள மெத்தை, தேநீரில் ஊறிய பிஸ்கட் போல உதிர்ந்தது. அது பொலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரை. காற்றின் ஈரத்தை இழுத்து, சும்மா கிடந்தாலே உள்ளுக்குள் சிதையும். வாவியும் கடலும் சூழ்ந்த ஊரில் கேட்கவா வேண்டும்? ஈவிஏ என்ற வேறு வகை நுரை வைத்த சப்பாத்துக்கு இந்த வியாதி வராது. விலை பேச முதல் நடு அடி என்னவென்று கேளுங்கள்.

சந்தைப் பக்கம் சப்பாத்துத் தைப்பவரிடம் கொண்டுபோனேன். திருப்பித் தட்டினார், சிவப்பு மணல் கொஞ்சம் கொட்டியது. "மேல் புதுசாட்டம் இருக்கு ஐயா, ஆனா நூல் பிடிக்க அடியில ஒண்டுமில்ல" என்று திருப்பித் தந்துவிட்டார்.

டிசம்பரில் வரும் மருமகனிடம் ஈவிஏ வகை சொல்லியிருக்கிறேன். அளவு 9 இல்லை, ஒன்பதரை. அந்த அமெரிக்கப் பயணத்தில் பிரைஸ் கனியன் இறக்கத்தில் பெருவிரல் நகம் இரண்டும் கறுத்துக் கழன்றது இன்னும் மறக்கவில்லை.